மகள் பரிசு வாங்கியபோது

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் மகள் திண்டுக்கல் பள்ளியில் எட்டாவது படித்தபோது வரலாற்றுப் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தாள். என்னோடு மல்லிகை பறித்துக்கொண்டே மலைக்கோட்டையின் கதையை மனப்பாடம் செய்தவள்.

"நான் பரிசு வாங்குறத நீ பாக்கணும்மா" என்று ஒரே பிடிவாதம்.

அன்றும் விடியுமுன் பூப் பறித்து, மார்க்கெட்டுக்குக் கொடுத்தனுப்பி, சோறாக்கி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். மேடை நன்றாகத் தெரியட்டும் என்று என்னை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டு மகள் போனாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. எங்கள் வீட்டில் அது கிடையாது. தலைமை தாங்கியவரோ பேச்சை முடிக்கிற வழியாக இல்லை.

கண் விழித்தபோது மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கோப்பை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்திலிருந்த முஸ்லிம் அம்மாளிடம், "என்னைய எழுப்பியிருக்கக் கூடாதாக்கா?" என்றேன்.

"எழுப்பத்தான் கைய நீட்டுனேன் தங்கச்சி. ஒம்மக மேடையில நின்னுக்கிட்டே வேணாம்னு தலைய ஆட்டுனா."

மகளைப் பார்த்தேன்.

"செத்த நேரம் தூங்கட்டுமேன்னுதான். அதுக்குன்னு கொறட்டை வேற விடுவியா?" என்று சிரித்தாள்.

அவள் பரிசு வாங்கியதை நான் பார்க்கவில்லை. ஆனால், வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, நான் தூங்குவதைப் பார்த்து எழுப்ப வேண்டாம் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.