எஞ்சின் துடைத்த நூலில் ஒரு கவுன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. கிள்ளானில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதிலும் பாதி நேரம் தையலும் பின்னலும்தான். எழுதும்போது ஒற்று விட்டுப்போகும், நடந்ததில் முன்னது பின்னதாகிவிடும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கவுனைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் இரண்டு மகள்களும் தலை நரைத்த பிறகும் அந்தக் கவுனுக்காகச் சண்டை போடுகிறார்கள்.

அது ஜப்பான்காரன் காலம், யுத்தத்தில் வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு அவன் ஆண்ட காலம். நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் செந்தூல் எஞ்சின் வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஏழு. கடையில் துணி என்பதே இல்லாமல் போயிருந்தது. வெளியே போட்டுக்கொண்டு போகிற மாதிரி எங்கள் வீட்டில் ஒரே ஒரு கவுன்தான், ஜன்னல் திரையை வெட்டி நான் தைத்த வெள்ளைக் கவுன். ஒரு ஞாயிறு பெரியவள் அதைப் போட்டுக்கொண்டு மாதா கோயில் பூசைக்கு வருவாள். மறு ஞாயிறு இடுப்பில் ஒரு மடிப்பு மடித்துக் கயிறு கட்டிச் சின்னவளுக்குப் போட்டுவிடுவேன். போகாதவள் அப்பாவுடைய பழைய பனியனில் வீட்டில் இருப்பாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் ஜெபமெல்லாம் பாடமாகிவிட்டது, ஒரே நாளில் புதுநன்மை வாங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முதன்முதலாக நற்கருணை வாங்குகிற அந்த நாளுக்கு வெள்ளை உடுப்பு வேண்டும் என்று அவர் வாயால் கேட்கவில்லை. ஆனால் சின்னவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"பனியனப் போட்டுக்கிட்டு நா வரமாட்டேன். சேசுவே வேணாம்."

"அப்ப நீ அடுத்த வருசம் வாங்கிக்க" என்றாள் பெரியவள். "கவுன் என்னுது. எனக்குத்தான் முதல்ல தச்சாங்க."

சின்னவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளைத் துணிக்கு எங்கே போவேன்?

அந்த வாரம்தான் என்று நினைக்கிறேன், இவர் கால்சட்டைப் பையில் மறந்துபோய் ஒரு உருண்டை வேஸ்ட்டு வந்துவிட்டது. எஞ்சின் துடைக்கிற நூல் கழிவை அப்படித்தான் சொல்வார்கள். சிக்குத் தலைமயிர் மாதிரி ஒன்றோடொன்று சுற்றிக் கிடக்கும், கறுப்பு எண்ணெய் வேறு. நான் அடுப்பு மூட்ட எடுத்துவைத்தேன். சின்னவள் அதில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். நூல் வந்தது. இன்னும் இழுத்தாள், இன்னும் வந்தது.

"அம்மா, இது எங்க முடியுது?"

ஒன்றரை முழம் இருக்கும். அடுத்ததை இழுத்தாள், அது அரை முழம். உள்ளே போகப்போக நூல் எண்ணெய் படாமல் வெளுப்பாக இருந்தது. நான் அடுப்பு வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இது யார் சட்டைக்கென்று நூற்ற நூலோ, எந்தத் தறியில் அறுந்து விழுந்ததோ என்றெல்லாம் எனக்கு யோசனை ஓடியது. இவரைக் கேட்டேன்.

"சீமையில மில்லுல மிஞ்சினது. மூட்டை மூட்டையா வெள்ளக்காரன் வாங்கிப் போட்டிருந்தான். இப்ப பழைய சரக்குதான் ஓடுது."

"துடைச்ச பிறகு என்னங்க செய்வீங்க?"

"எஞ்சின்ல நெருப்பு மூட்டப் போட்டுருவோம்."

"எரிக்கறதத்தானே? கொஞ்சம் கொண்டாங்களேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவரிடம் அதிகம் எதுவும் கேட்கிற பழக்கம் இல்லை. மறுநாளிலிருந்து சாப்பாட்டு டின்னுக்குள் ஒவ்வொரு உருண்டையாக வர ஆரம்பித்தது.

வேலை முடிந்து வெளியே போகும்போது கேட்டில் ஜப்பான் சிப்பாய் டின்னைத் திறந்து பார்ப்பானாம். ஒரு நாள் அகப்பட்டுக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு அதை நடித்தே காட்டினார். "வெளியில எடுத்தான். மோந்து பாத்தான். மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டான். நா ஒண்ணுமே பேசல. அவன் கையிலேருந்து வாங்கி என் சைக்கிள் செயினத் தொடச்சேன். பக்கத்துல அவன் சைக்கிள் நின்னுச்சு, அதையும் தொடச்சேன். நல்லாத் தொடச்சேன், மணியக்கூட விடல. பிறகு குனிஞ்சு ஒரு கும்பிடு. போன்னுட்டான்!"

பிள்ளைகள் சிரிசிரி என்று சிரித்தார்கள். "நூல் வேணாங்க, போதும்" என்றேன். "இன்னும் எவ்வளவு வேணும்? அதச் சொல்லு" என்றார். கன்னத்தில் ஒரு அறையோடு போயிருக்கலாம், அதைவிடப் பெரிதாகவும் ஆகியிருக்கலாம். அதனால்தான் ஒரு நூலைக்கூட வீணாக்கக் கூடாது என்று இருந்தேன்.

பிரிக்கிற வேலை பிள்ளைகளுடையது. மத்தியானம் சுட்ட மரவள்ளிக்கிழங்கைத் தின்று முடித்ததும் சிமெண்டுத் தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துவிடுவார்கள். யாருக்கு நீளமான நூல் கிடைக்கிறதோ, அடுத்த நாள் கிழங்கில் கருகின மொறுமொறுப்பான பக்கம் அவளுக்கு. ஒரு நாள் சின்னவள் பிரித்த நூல் வாசல் கதவிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் போனது. அந்தச் சந்தோஷத்தில் அவள் கிழங்கையே மறந்துவிட்டாள். நூலோடு நூல் முடிச்சுப் போட்டுப் பந்தாகச் சுற்றினோம். சாம்பல் தண்ணீரில் அவித்தேன், வெயிலில் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், மறுபடியும் அவித்தேன். கடைசியில் அரிசி களைந்த தண்ணீர் நிறத்துக்கு வந்தது. அதற்கு மேல் வெளுக்கவில்லை.

"எண்ணெய்க் கவுனு, எண்ணெய்க் கவுனு! உனக்கு எண்ணெய்க் கவுனு" என்று பெரியவள் பாட்டாகவே பாடுவாள்.

பின்னல் ஊசிக்கு இவர் சைக்கிள் சக்கரத்துக் கம்பி இரண்டை எடுத்து முனையை அரத்தால் ராவிக்கொடுத்தார். நூல் இருந்தது, ஊசியும் இருந்தது. எனக்குத்தான் பின்னத் தெரியவில்லை. பள்ளியில் நேராகப் போய் நேராக வரத்தான் படித்திருந்தேன். கழுத்துத் துண்டு பின்னுவேன். கை வருகிற இடத்தில் எப்படி வளைப்பது, தோளில் எப்படிக் குறைப்பது என்று கற்றுக்கொடுப்பதற்குள் பள்ளியை நிறுத்திவிட்டார்களே.

பெட்டியில் ஒரு குழந்தைச் சட்டை இருந்தது. பெரியவள் பிறந்தபோது என் பள்ளிக் கன்னியாஸ்திரி ஒருவர் கம்பளி நூலில் பின்னிக் கொடுத்தது. இரண்டு பேரும் போட்டு வளர்ந்த சட்டை. அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணியெல்லாம் ஒரே மாதிரி இருந்தது, எங்கே குறைகிறது என்று பிடிபடவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் இவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பாகம் பாகமாச் செஞ்சு பிறகு பூட்டினது. முதுகு தனி, கை தனி. கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"ஐயோ, பிள்ளைங்க சட்டைங்க!"

"எஞ்சினக் கழட்டினா திரும்பப் பூட்டிக் குடுக்கணும். அதான் எங்க வேலை. நீயும் பூட்டு."

முதுகுப் பாகத்தை மட்டும் தனியாகக் கழற்றினோம். அடியிலிருந்து இழுத்துப் பார்த்தேன், வரவே மாட்டேன் என்றது, இறுகிக்கொண்டது. தலைகீழாகத் திருப்பித் தோள் பக்கத்து நுனியை இழுத்தேன். வரிசை வரிசையாகத் தண்ணீர் மாதிரி ஓடி வந்தது. ஒரு பக்கம் பிரியாமல் மறுபக்கம் மட்டும் ஏன் பிரிகிறது என்று நாலு பேரும் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றோம். "முடிச்ச இடத்துலதான் திறக்கும் போல" என்றார் இவர். எனக்கு இன்றைக்கும் அது அதிசயம்தான்.

ஒவ்வொரு வரிசை பிரிந்ததும் சின்னவள் கண்ணிகளைத் தொட்டு எண்ணுவாள். பெரியவள் அடுப்புக்கரியால் சுவரில் எழுதுவாள். முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது. கூடுகிற வரிசையில் நான் பிரிப்பதை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். ஓரத்தில் இரண்டு கண்ணிக்குள்ளே ஒரே நூல் புகுந்து வந்திருந்தது. இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்! எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. சிரித்தும்விட்டேன். நாற்பத்தெட்டு வந்ததும் அப்படியே நின்றது. சுவரில் இருந்த கணக்கை மேலிருந்து கீழே படித்தால் பிரிப்பது, கீழிருந்து மேலே படித்தால் பின்னுவது.

குழந்தைக் கணக்கை ஏழு வயசுக்கு எப்படி மாற்றுவது? "எல்லாத்தையும் ரெண்டால பெருக்கு" என்றார் இவர். பெரியவள் பெருக்கினாள். பாட்டுப் பாடினாளே தவிர, கணக்கில் அவளுக்கு ஆசை. கழுத்தையும் இரண்டால் பெருக்கிவிட்டோம். குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது என்பதை யாரும் யோசிக்கவில்லை. கழுத்து அகலமாகித் தோளிலிருந்து நழுவியது. அதில் ஒரு கயிறு கோத்துச் சுருக்கி முடிந்தேன். உட்பக்கமெல்லாம் முடிச்சு. சின்னவள் போட்டுப் பார்த்துவிட்டு, "குத்துதும்மா. ஆனா நல்லா இருக்கு" என்றாள். முட்டிக்குக் கீழே நாலு விரல், அளவெடுத்த மாதிரி நின்றது. அன்றைக்கு முழுவதும் அவள் உட்காரவே இல்லை, சுருங்கிவிடுமாம்.

புதுநன்மைக்கு முதல் நாள் சனிக்கிழமை. காலையில் கடைசியாக ஒருமுறை அலசிவிடுவோம் என்று கவுனை நனைத்தேன். மரவள்ளி மாவில் கஞ்சி போட்டு, தோளில் இரண்டு துணிக் குச்சியைக் குத்திக் கொடியில் தொங்கவிட்டேன். பள்ளியில் கம்பளி நூலைத்தான் கண்டிருக்கிறேன், பருத்தி நூல் தண்ணீர் குடித்தால் எவ்வளவு கனக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? சாயந்தரம் எடுக்கப் போனேன். கவுனின் அடி புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சின்னவளுக்குப் போட்டேன். தரையில் புரண்டது. அவள் குனிந்து தன் காலைத் தேடினாள்.

"அம்மா, என் கால் எங்கம்மா?"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். எனக்கு உறைக்கும் முன்னால் அவளுக்கு உறைத்துவிட்டது. நீளமான கவுன் யாருக்குச் சரியாக இருக்கும்?

"நா போட மாட்டேன்" என்றாள்.

சின்னவள் அழுகையை நிறுத்தினாள். "எண்ணெய்க் கவுனு! உனக்கு எண்ணெய்க் கவுனு!"

"சும்மா இருடி!"

நாற்காலியில் இருந்த இவர் எழுந்திருக்காமலே சொன்னார். "சரி. ரெண்டு பேரும் வீட்ல இருங்க. நானும் அம்மாவும் போய்ப் புதுநன்மை வாங்கிட்டு வரோம்."

கவுன் கட்டிலில் கிடந்தது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். பெரியவள் கவுனை முகர்ந்து பார்த்தாள். ஒரு கையை உள்ளே விட்டாள். பிறகு தலையையும் விட்டாள். கணுக்கால் வரை சரியாக இறங்கியது. ஒரு சுற்றுச் சுற்றினாள். கனமான கவுன் இல்லையா, அவள் நின்ற பிறகும் அது நிற்காமல் மணி மாதிரி ஆடியது. இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"அம்மா, இது தானாச் சுத்துதும்மா!"

அதற்கப்புறம் கழற்றச் சொன்னால் கழற்றவில்லை. கசங்கிவிடும் என்று சின்னவள்தான் பின்னாலேயே போய்க் கெஞ்சி வாங்கி வைத்தாள்.

மறுநாள் கோயிலில் பிள்ளைகள் முன் வரிசையில். திரைத்துணிக் கவுனில் இடுப்புக் கயிறோடு சின்னவள், பக்கத்தில் எண்ணெய்க் கவுனில் பெரியவள். கூட்டமும் வெக்கையும் ஏற ஏற ஒரு வாசனை கிளம்பியது. எத்தனை தடவை அவித்தும் நூலுக்குள் எங்கேயோ எண்ணெய் ஒளிந்திருந்திருக்கிறது. ஆண்கள் பக்கம் ரயில்வே ஆட்கள் நிறையப் பேர். ஒருவர் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். அடுத்தவர் சட்டைக் கையை முகர்ந்தார். பிறகு ஒவ்வொரு தலையாக முன் வரிசைப் பக்கம் திரும்பியது. இவர் மட்டும் கண் இமைக்காமல் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஜெபம் ஓடவில்லை. யாராவது போய் ஜப்பான்காரனிடம் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்றே ஓடியது. அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் இரண்டு பேரும் கைகூப்பிப் பீடத்துக்கு எழுந்து போனார்கள், ஒன்றாகவே.

பூசை முடிந்து வெளியே வந்ததும் செந்தூலில் கூட வேலை செய்கிற ஒருவர் நேராக எங்களிடம் வந்தார்.

"என்னண்ணே, உள்ள ஒரு எஞ்சின் வந்து நின்ன மாதிரி இருந்துச்சே?"

அந்த மனிதர் குந்தி உட்கார்ந்து கவுனின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"யப்பா, இத்தன முடிச்சா! யாரு போட்டது?"

"நாங்கதான்" என்றார்கள் இரண்டு பேரும்.

அவர் எழுந்து குரலைத் தணித்துக்கொண்டார். "எங்க வீட்லயும் ரெண்டு பொண்ணு. சாக்கு கட்டிக்கிட்டுத் திரியுதுங்க. நா நூலுக்கு ஏற்பாடு பண்றேன். அக்கா பின்னித் தருவாங்களா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பிள்ளைகளுக்கும் பின்னினேன். இந்தத் தடவை தலைக்குத் தனியாக அளவெடுத்தேன், தரையில் பரப்பிக் காயவைத்தேன். குழந்தைச் சட்டையையும் திரும்பப் பூட்டினேன். மறு வருசம் பையன் பிறந்து அதைப் போட்டுக்கொண்டான்.

இப்போது என் சண்டைக்காரிகளின் கதைக்கு வருகிறேன். எண்ணெய்க் கவுனைப் புதுநன்மைக்குப் போட்டது நான்தான் என்று பெரியவள் சொல்கிறாள். இல்லை, நான்தான், உட்பக்க முடிச்சு குத்தினது எனக்குத்தான் தெரியும் என்று சின்னவள் சொல்கிறாள். சின்னவளும் வளர்ந்த பிறகு அதை இரண்டு வருசம் போட்டாள். அதுதான் குழப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் ஞாபகத்தில் அன்றைக்கு அது பெரியவள் மேல்தான் இருக்கிறது. ஆனால் என் ஞாபகத்தை நம்பி ஒருத்தியை அழவைக்க முடியாது. அன்றைக்கு அந்தக் கோயிலில் உட்கார்ந்து கையை முகர்ந்த செந்தூல்காரர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். முன் வரிசையில் வாசனை வந்தது உயரமான பிள்ளையிடமிருந்தா, குட்டையான பிள்ளையிடமிருந்தா? பின்னத் தெரிந்தவர்கள் அந்த முப்பத்தாறு, நாற்பத்தெட்டுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். சுவரில் எழுதியதை நான் தாளில் எழுதி வைக்கவில்லை.