கடுகின் காரம் அடங்கும்வரை

அவரை எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் அழைத்தார்கள். பேருந்து ஓட்டிய காலம் முழுவதும், கையாட்டிக்கொண்டு ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்தபடியே வண்டியை எடுத்த மனிதர். அவருக்கு வாய்த்த மனைவியோ, தக்காளிக்காக மண்ணையே காக்க வைப்பவள்.

வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது; வேரை முடிச்சு முடிச்சாக வீங்க வைத்துச் செடியைச் சாய்த்துவிடும். அவள் பூச்சிமருந்துக் கடைப் பக்கமே போனதில்லை. பாத்தியில் கடுகை விதைத்து, பூவெடுக்கும் சமயத்தில் செடிகளைப் பொடியாக நறுக்கி மண்ணோடு கொத்திவிடுவாள். நசுங்கிய கடுகின் காரம் புழுவைத் தீர்த்துக்கட்டும். அது அடங்கும்வரை நாற்று நடக் கூடாது.

"அதான் புழு செத்தாச்சே, நட வேண்டியதுதானே?" என்பார் இவர்.

"காரத்துக்குப் புழு எது, வேர் எதுன்னு தெரியாதுங்க. மண்ணை மோந்து பாருங்க. மூக்கு எரியுதா? அப்ப போய்ப் பேப்பர் படிங்க."

இந்த முறை கடுகைக் கொத்தி, நாற்றுத்தட்டையும் தயார் செய்தபின் படுத்தவள், ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. டாக்டர் இவரை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். அன்று மாலையே இவர் பாத்தியில் உட்கார்ந்து நாற்றை நட்டார். அவள் வளர்த்த செடியில் ஒரு பூவையாவது அவள் பார்க்க வேண்டும். மூக்கு எரிந்தது, கண்ணில் நீர் வழிந்தது. பழியைக் கடுகின்மேல் போட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், நட்ட நாற்றுகளின் படத்தைச் செல்போனில் அவளிடம் காட்டினார்.

"மோந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எரியலையே?"

"இல்ல."

சில நாட்களில் நாற்றுகள் கருகிச் சாய்ந்தன. அவள் கேட்கும்போதெல்லாம் அதே பழைய படத்தையே காட்டினார். ஒருநாள் அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு இலைகூடக் கூடல பாருங்க. நீங்க நட்ட செடிக்கா இவ்வளவு பொறுமை?"

சிரித்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறெதுவும் கேட்கவில்லை, அதன்பின் கேட்க நாளும் இருக்கவில்லை.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தவர், நல்ல சட்டையோடு நேராகப் பாத்திக்குப் போனார். ஒரு பிடி மண்ணை அள்ளி மூக்கருகே வைத்தார். காரம் இல்லை. வெறும் மண் வாசனை. இப்போது நடலாம்.

நாற்றுத்தட்டு சுவரோரம் காலியாகக் கிடந்தது. அவர் மண்ணைக் கீழே போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.