பொட்டு வைத்த பாட்டில்கள்

சுண்டெலியின் கருவிலிருந்து எடுத்த செல்களுக்கு விடுமுறை கிடையாது. ஆயுத பூஜையன்றும் என் மனைவி திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போனாள். அங்கே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவளுடைய தட்டு இருந்தது. உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு, அதற்குள் ஸ்டெம் செல்கள். தினமும் பழைய நீரை உறிஞ்சிவிட்டுப் புது ஊட்டநீர் ஊற்ற வேண்டும்.

இதயத்திலும் தோலிலும் நரம்பிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள். எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும். ஸ்டெம் செல்லில் சில மரபணுக்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் அது எதுவாகவும் ஆகாமல், எதுவாகவும் ஆகக்கூடியதாகக் காத்திருக்கும். அவள் அவற்றில் ஒரு மரபணுவை அப்படியே விட்டு, அதைத் தட்டி எழுப்பும் டி.என்.ஏ. துண்டை, அதன் சுவிட்சை மட்டும் வெட்டியிருந்தாள். சுவிட்ச் இல்லாமல் அந்தச் செல் காத்திருக்குமா? அதுதான் கேள்வி. எத்தனையோ முறை முயன்று ஒரே ஒரு தட்டு தேறியிருந்தது. பூஜை முடிந்ததும் பாதியை உறையவைத்துப் பத்திரப்படுத்தலாம் என்றிருந்தாள்.

ஊட்டநீரில் இரண்டு பாட்டில். ஒன்றில், செல்களை அப்படியே நிறுத்திவைக்கும் புரதம் உண்டு, மற்றதில் இல்லை. இரண்டும் ஒரே ரோஸ் நிறம்.

பூஜைக்கு மறுநாள் நானும் கூடப் போனேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவேயில்லை.

"இன்னாச்சி?"

"படுத்துடுச்சிங்க."

பார்த்தேன். ஓரம் மின்ன உருண்டு குவிந்திருக்க வேண்டியவை, கல்லில் ஊற்றிய தோசைமாவாகப் பரவிக் கிடந்தன.

ஃபிரிட்ஜைத் திறந்தாள். பாட்டில்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்காவைக் கூப்பிட்டாள்.

"யாருக்கா இதத் தொடச்சது?"

"நாந்தான் மேடம். பொட்டு வெக்கசொல்ல அழுக்கோடவா வெப்பாங்க? ஸ்பிரிட்டு போட்டுப் பளபளன்னு தொடச்சேன்."

"புரதம் இருக்கற பாட்டில் மூடி மேல கூட்டல் குறி போட்டிருந்தேனே."

"இன்னாவோ கிறுக்கி இருந்துது. அதையுந்தான் தொடச்சேன்."

"பேஜாராப் போச்சே."

"மைக்ராஸ்கோப்புக்குந்தான் பொட்டு வெச்சேன். அதுக்கு ஒண்ணும் ஆவலியே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, அழுகையோடு சேர்ந்து. பொட்டைப் பார்த்தும் மூடியைப் பார்க்காமல், எப்போதும் இடப்பக்கம் நிற்கும் பாட்டிலைப் பழக்கத்தில் எடுத்து ஊற்றியிருக்கிறாள். பூஜைக்கு முந்தின மத்தியானமே அக்கா துடைத்துத் திரும்ப வைத்தபோது இடம் மாறியிருந்தது. பூஜையன்றும், அதற்கு முந்தின சாயங்காலமும், செல்களுக்குப் போனது புரதம் இல்லாத வெறும் ஊட்டநீர்.

தட்டின் ஒரு விளிம்பில் கொஞ்சம் உருண்டைகள் மிச்சமிருந்தன. மெல்லிய குழாய் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு உறிஞ்சிப் புதுத் தட்டுக்கு மாற்றினாள். நான் அசையாமல் நின்றேன்.

"மூச்ச வுடுங்க. அது ஒண்ணும் பறந்துடாது."

புதிதாகப் புரதம் கலந்து ஊற்றினாள். வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். அந்த நாட்களில் கதை எழுதும் எனக்கும் ஒரு வரி ஓடவில்லை.

பிறகு ஒரு காலையில் போன் வந்தது. "உருண்டு நிக்குதுங்க. எல்லாமே." சுவிட்ச் இல்லாமலும் அவை காத்திருந்தன. அன்றே பாதியைக் குட்டிக் குழாய்களில் அடைத்து உறையவைத்தாள்.

பரவிப் போன பழைய தட்டை அவள் கொட்டவில்லை, அந்த வெறும் ஊட்டநீரையே ஊற்றிப் பார்ப்போம் என்று வைத்திருந்தாள். மறுபடி நான் போனபோது, "ஜல்தி வாங்க" என்று இழுத்தாள். மைக்ராஸ்கோப்பில் ஒரு திட்டு சுருங்கி விரிந்தது. நின்றது. மறுபடி சுருங்கியது. எலி இல்லை, மார்பு இல்லை, ரத்தம் இல்லை. துடிப்பு மட்டும்.

அக்காவும் எட்டிப் பார்த்தாள். "உசுரா மேடம்?"

"இதய செல்லுக்கா."

"அய்ய, துடிச்சிக்கினு இருக்கசொல்ல கொட்டிடாத மேடம்."

"எனக்கு வேண்டியது உருண்டைதான்க்கா. அது இருக்குது." கொட்டுமுன் செல்களைக் கொல்ல ஊற்றும் பிளீச்சிங் பாட்டிலை எடுத்தவள், மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். பிறகு, "சரி, நாளைக்கு ஊத்திக்கலாம்" என்று தட்டை இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.