கிட்டார் இல்லாத பிரதி

முதல் அறிகுறி எனக்கு மகிழ்ச்சியைத்தான் தந்தது. இப்போது அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அறுபதுகளின் இறுதியில் வந்த ஆங்கில நாட்டுப்புற ராக் இசைத்தட்டுகளைச் சேகரிப்பவள் நான். மறுபதிப்பு வேண்டாம், பாட்டு வந்த ஆண்டிலேயே அச்சான முதல் பிரதிதான் வேண்டும். பல மாதத் தேடலுக்குப் பின் அப்படி ஒன்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒன்றரை வயது மகள் மகிழ் மதியம் தூங்கியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டின் மீது ஊசியை இறக்கினேன். அந்தக் காலத்து ஸ்டீரியோவில் குரலை வலப்பக்கமும் கிட்டாரை இடப்பக்கமும் பிரித்து வைப்பார்கள். எனக்குக் குரல் மட்டுமே கேட்டது.

கிட்டார் இல்லாத பிரதி! அச்சுப்பிழையுள்ள தட்டு சேகரிப்பவர்களுக்குப் புதையல். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் கீறியிருந்த, எந்த அச்சு என்று காட்டும் எண்ணைப் படமெடுத்து எங்கள் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினேன். சென்னையிலிருந்து ஒரு நண்பர் உடனே அழைத்தார்.

"அப்படி ஒரு அச்சே வந்தது கிடையாதுங்க. உங்க ஹெட்போன்ல லெஃப்ட் போயிருக்கும், பாருங்க."

ஹெட்போனைச் சத்திரம் பஸ் நிலையம் அருகே ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துப் போனபோது கடைக்காரர் அதை மாட்டிக்கொண்டு தலையாட்டினார்.

"ரெண்டு பக்கமும் ஜம்முனு கேக்குதுங்க. இதுல ரிப்பேர் பண்ண என்ன இருக்கு?"

அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். வீட்டில் வயரை மாற்றினேன். ஊசியை மாற்றினேன். இடக்காது அடைத்தாற்போல் இருந்தது. மகிழிடமிருந்து தொற்றிய சளி என்று ஆவி பிடித்தேன். போனை நான் எப்போதும் வலக்காதில்தான் வைப்பேன், அதனால் பேச்சில் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் மகிழ் என் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினாள். வாங்கி அவசரத்தில் இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டேன். கிட்டார் கேட்டது. குரலைக் காணோம்.

தட்டில் பிழையில்லை. ஹெட்போனிலும் இல்லை.

தில்லைநகரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆடியோகிராம் (கேட்கும் திறனை வரைபடமாகக் காட்டும் பரிசோதனை) எடுத்தார். வலக்காதின் கோடு மேலே ஓடியது. இடக்காதின் கோடு தாளின் அடியில் கிடந்தது. திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்பு (உட்காதோ செவி நரம்போ பாதிக்கப்பட்டு ஓரிரு நாட்களுக்குள் கேட்கும் திறன் குறைவது) என்றார். பெரும்பாலும் காரணம் தெரியாதாம்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒன்பது நாள், டாக்டர்."

"ஒன்பது நாளா என்னம்மா பண்ணீங்க?"

"ஹெட்போனை ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "காதை விட்டுட்டா?"

பக்கத்திலிருந்த என் கணவர் பிரபு, "கடைக்காரர் அன்னைக்கே சொன்னார்ல ரம்யா" என்றார். அதை அங்கேதான் சொல்ல வேண்டுமா?

முதல் நாட்களிலேயே மருந்தைத் தொடங்கினால் காது மீள வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். அதன் பிறகு அவர் சொன்னது எதுவும் என் மனதில் நிற்கவில்லை. ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) மாத்திரை எழுதினார். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று மூன்று முறை கேட்டேன். மாத்திரை போட்டு நான்கு மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம் என்று மூன்று முறையும் சொன்னார். வீட்டுக்கு வந்து ஐந்து மணி நேரம் காத்திருந்தேன். மகிழ் அழுதாள். நானும்தான்.

மாத்திரை போதாமல், செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசி போட்டார்கள். போட்டபின் அரை மணி நேரம் எச்சில் விழுங்காமல், பேசாமல், ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். அந்த அரை மணி முழுவதும் ஒன்பது நாட்களை எண்ணிக்கொண்டே இருப்பேன். ஆவி பிடித்த நாள், வயர் மாற்றிய நாள்.

நான்கு ஊசிகளுக்குப் பின் தாழ்ந்த ஒலிகள் கொஞ்சம் திரும்பின. சொற்கள் திரும்பவில்லை. இனி பெரிய மாற்றம் இருக்காது என்றார் மருத்துவர்.

"இன்னொரு காது நல்லாத்தானே இருக்கு, விடு" என்கிறார் மாமியார். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிய இரண்டு காதும் வேண்டும் என்பதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

இதைப் படிக்கும் உங்களுக்குக் காது திடீரென்று அடைத்தால், சளி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அன்றே போய்ப் பாருங்கள். தாமதித்துவிட்டவர் என்றால், உங்களிடம் சொல்ல என்னிடம் அறிவுரை இல்லை. நானும் அந்த இடத்தில்தான் இருக்கிறேன்.

ஏழு மாதம் ஆகிறது. "அம்மா" என்று மகிழ் கூப்பிடும்போது என் உடல் தானாக வலப்பக்கம் திரும்புகிறது. அவள் அங்கே இருப்பதில்லை. நேற்றும் அப்படித்தான். அடுக்களை, பால்கனி, குளியலறை என்று ஓடினேன். சின்ன வீடுதான், ஆனாலும் தேடித் தீரவில்லை. குரல் மட்டும் எல்லா அறையிலும் இருந்தது. கடைசியில் எனக்கு இடப்பக்கம், இரண்டடியில், திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

நான் வேண்டுமென்றே தேடுவதாக அவள் நினைக்கிறாள். கைதட்டிச் சிரித்துவிட்டு, "திரும்ப!" என்று மறுபடி ஒளிந்துகொண்டாள்.