கதவு ரப்பருக்கு ஒரு வெப்சைட்

ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பரைப் பற்றி மட்டும் ஒரு வெப்சைட் போடப்போகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் சிரிக்காத ஆள் அவள் புருஷன் ஒருவர்தான். அவரும் அந்த நேரம் வாய் நிறையத் தண்ணீர் வைத்திருந்ததால்தான் சிரிக்கவில்லை என்று பின்னால் ஒப்புக்கொண்டார்.

மெக்கானிக்குகள் அவளுக்கு வைத்த பெயர் ரப்பரக்கா. உதிரிபாகக் கடையில் பத்தொன்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவள். கிழிந்த ரப்பரில் ஒரு விரல் நீளத் துண்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். எந்த வகைக் கதவு, எத்தனை வருஷத்துச் சரக்கு, எந்த அலமாரியில் எந்தத் தட்டு, எல்லாம் வாயிலிருந்து வரும். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள் என்பார்கள். ஒரு தடவை கட்டியும் பார்த்தார்கள். சொன்னாள்.

முதலாளிக்கு வயதாகிவிட்டது, கடையை மூடினார். நல்ல மனுஷன், மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார். அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. நின்று நின்று முழங்கால் தேய்ந்திருந்தது. அந்தத் தொகைதான் அவள் ஆயுசுக்கும் சேர்த்த சேமிப்பு.

இந்த நேரம் பார்த்துத்தான் தம்பி வந்தான்.

தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். அவன் ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும், அப்படிக் கை சுத்தம். ஆனால் நாள் முழுக்க மண்டியிட்டுச் சலித்துப்போய், யாரோ கூப்பிட்டார்கள் என்று ஓட்டல் ஹாலில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டான். திரும்பி வரும்போது கோட்டு போட்டிருந்தான். ரெடிமேட் வருமானத் திட்டமாம். பணம் கட்டினால் வெப்சைட்டை அவர்களே செய்து கொடுத்துவிடுவார்கள். கட்டுரை நாற்பது, படம் நாற்பது, விற்கவேண்டிய சாமான், எல்லாம் உள்ளேயே இருக்கும். நாம் சாவியைத் திருப்பினால் போதும், தூங்கினாலும் காசு வந்துகொண்டிருக்கும். அவனுக்குக் கிடைத்தது உடம்பு இளைக்கிற மெஷின்களைப் பற்றிய வெப்சைட். அக்கா சின்னதாக ஒன்றும் வாங்கவேண்டாம், கையில் இருப்பதை அப்படியே போட்டால் திட்டத்தின் மேல் படிக்கே போய்விடலாம், மாதக் கடைசிக்குள் கட்டினால் தள்ளுபடி என்றான். ஏமாற்றவேண்டும் என்ற எண்ணம் அவனுக்குத் துளியும் கிடையாது. அவன் நம்பினான், அதுதான் சங்கடம்.

ரப்பரக்கா வேண்டாம் என்று எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. கடைக்கு வருகிற பெட்டியை அவள் எப்படிப் பார்ப்பாள் தெரியுமா? முன்பக்கப் படத்தைப் பார்க்கவே மாட்டாள், கவிழ்த்துப்போட்டு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்ப்பாள். அதே மாதிரி தம்பியின் வெப்சைட்டைத் திறந்து, மெஷின்களை எல்லாம் தாண்டி, கடைசியில் இருந்த ‘என்னைப் பற்றி’க்குப் போனாள். அதில் தம்பியின் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது: “நான் இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு முப்பது கிலோ குறைத்தேன்.”

“டேய், எப்படா பிரசவம் ஆச்சு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே,” என்றாள்.

தம்பி எட்டிப் பார்த்து முகம் சிவந்தான். மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்களாம், மறந்துவிட்டானாம். அவள் விடவில்லை. அந்த வரியை அப்படியே எடுத்துத் தேடிப் பார்த்தாள். முந்நூற்றுச் சொச்சம் வெப்சைட், முந்நூற்றிலும் அதே தாய், அதே முப்பது கிலோ. பெயர் மட்டும் வேறு வேறு. ஒருத்தர் பெரிய மீசை வைத்திருந்தார்.

எல்லாக் கதவுக்கும் பொருந்தும் என்று அச்சடித்த ஒரு வகை ரப்பர், கடைக்கு வருவதுண்டு. அவள் பார்த்தவரைக்கும் அது எந்தக் கதவுக்கும் பொருந்தியதில்லை. தம்பியிடம் அதைத்தான் சொன்னாள், பணம் போடமாட்டேன் என்றும் சொன்னாள். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று அவன் கோட்டைக் கழற்றாமலே கிளம்பிப் போனான்.

ஆனால் ஒரு விதை உள்ளே விழுந்துவிட்டது. வெப்சைட் என்பது இதுதானா? அப்படியானால் நமக்குத் தெரிந்ததை நாமே எழுதினால் என்ன? புருஷனிடம் கேட்டாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் மூன்று பேசுவார். அன்றைக்குக் கொஞ்சம் கூடப் பேசினார். “உன் பணம், உன் இஷ்டம். ஆனா ஒரு வருஷம்தான். அதுக்குள்ள சம்பளம் மாதிரி ஏதாவது வந்தா சரி. இல்லன்னா அதை மூடிட்டு வேலைக்குப் போ. மிச்சப் பணமாவது மிஞ்சட்டும்.” அவள் சரி என்று தலையாட்டினாள்.

முதல் பக்கம் எழுதப் பதினோரு நாள் ஆனது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். விலைச்சீட்டைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. சமையலறைத் தரையில் பழைய ரப்பர்களைப் பரப்பி, குறுக்கே வெட்டி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் பிடித்தாள். கழற்றிய ரப்பரை அளக்காதீர்கள், அது இழுபட்டிருக்கும், கதவை அளங்கள் என்று எழுதினாள். பள்ளத்தில் செருகுகிற வகைக்குப் பள்ளத்திலிருந்து பள்ளம்வரை, ஸ்க்ரூ போட்ட வகைக்கு வெளி ஓரத்திலிருந்து ஓரம்வரை. புது ரப்பர் மடங்கி வந்தால் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பாதீர்கள், வெந்நீரில் போட்டால் நிமிர்ந்துகொள்ளும் என்று எழுதினாள். மாடல் வாரியாக அளவுகளை எல்லாம் படங்களோடு ஒரே பட்டியலாகவும் போட்டாள். அவள் பக்கத்தின் வழியாக யாராவது ரப்பர் வாங்கினால் ஒரு சிறு கமிஷன் வரும், அதுதான் வருமானம்.

ஆனால் எழுதியதில் பாதிப் பக்கம் வாங்காதே என்றுதான் சொன்னது. கதவு மூடவில்லையா, ஒரு காகிதத்தை நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொண்டால் ரப்பர் நன்றாக இருக்கிறது. ஃபிரிட்ஜின் முன்காலை ஒரு சுற்று உயர்த்துங்கள், கதவு தானே மூடிக்கொள்ளும், காசைப் பத்திரமாக வையுங்கள். கோபம் ஆறி வந்த தம்பி இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டான். கடையைத் திறந்துவைத்து வாசலில் வாங்காதே என்று போர்டு மாட்டுகிற ஒரே ஆள் எங்கள் அக்காதான் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னான்.

ஐந்து மாதம் ஈ ஓட்டினாள். ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்ததாகக் கணக்குக் காட்டும். ஒன்று அவள், ஒன்று புருஷன், மூன்றாவது தம்பி, குற்றம் கண்டுபிடிக்க. ஆறாவது மாதம் எங்கிருந்தோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: முன்காலை உயர்த்தினேன், கதவு மூடுகிறது, ரப்பர் வாங்கவில்லை, நன்றி. ஒரு பைசா வரவில்லை. ரப்பரக்கா அதைப் புருஷனுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். அதற்குப்பிறகு மெல்ல மெல்ல ஆள் கூடியது. ஒன்பதாவது மாதம் பழைய சம்பளத்தில் பாதி வந்தது.

பத்தாவது மாதம் அடி விழுந்தது.

இரண்டு கதவு வைத்த ஒரு பழைய மாடல். அதற்குப் பள்ள வகை என்று எழுதி, பட்டியலிலும் அந்த அளவையே போட்டிருந்தாள். கம்பெனிக்காரன் அதே மாடல் நம்பரை வைத்துக்கொண்டு நடுவில் ஸ்க்ரூ வகைக்கு மாறியிருந்தான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவள் கதவை அளக்காமல், ஞாபகத்தில் இருந்ததை வைத்து எழுதியிருந்தாள். இருபத்திரண்டு பேர் தப்பான ரப்பரை வாங்கிவிட்டார்கள். அதில் ஒருவர் மருந்துக்கடைக்காரர். ஊசி மருந்து வைத்திருக்கிற ஃபிரிட்ஜ் இரண்டு நாள் சரியாக மூடாமல் கிடந்ததாம், சரக்கை எல்லாம் பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். ‘தெரியாவிட்டால் எதற்கு எழுதுகிறாய்’ என்று கேட்டிருந்தார். அந்த வரியை அவள் புருஷனுக்கு வாசித்துக் காட்டவில்லை.

தம்பி நல்லதுதான் சொல்வதாக நினைத்துச் சொன்னான். அந்தப் பக்கத்தை அழித்துவிடு, யாருக்கும் தெரியாது, எங்கள் திட்டத்தில் புகார் வந்தால் பெயரை மாற்றி வேறொன்று திறந்துவிடுவார்கள் என்றான்.

“உன்னோடது யாரோ ஒரு அம்மா கதை, மாத்திக்கலாம். இது என் பேருடா,” என்றாள்.

பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் போட்டாள்: இந்த அளவை நான் தப்பாக எழுதியிருந்தேன், அளக்காமல் எழுதியது என் தவறு, சரியானது இது. இருபத்திரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினாள். மருந்துக்கடைக்காரருக்குச் சரியான ரப்பரைத் தன் செலவில் அனுப்பினாள். அவர் பெற்றுக்கொண்டார், பதில் போடவில்லை. திரும்பிப் போன ரப்பர்களின் கமிஷனும் கழிந்து, அந்த மாதம் வந்தது போனதுக்குச் சரியாகப் போயிற்று. அடுத்த மாதமும் தேறவில்லை.

அதே மாதத்தில்தான் தம்பியின் வெப்சைட்டும் காணாமல் போனது. திறந்தால் வெள்ளைப் பக்கம். முந்நூறு தாய்மாரும் ஒரே நாளில் மறைந்துவிட்டார்கள். கூட்டம் நடத்தியவர்களின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. தம்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான், கோட்டு இல்லை. அவள் சாப்பாடு போட்டாள். போகும்போது, ஒட்டிய டைல்ஸைத் தட்டினால் ஏன் உள்ளே காலியாக இருக்கிற மாதிரிச் சத்தம் கேட்கிறது என்று உனக்குத் தெரியுமே, அதை எழுதேன் என்றாள். எனக்கு எழுத வராதுக்கா என்றான். எனக்கு மட்டும் வந்துச்சா என்றாள்.

வருஷம் முடிந்தது. புருஷன் நாள் கணக்கை நினைவுபடுத்தவில்லை, அவளே சொன்னாள். சொன்ன வாக்கு, போகவேண்டியதுதான். ஊரின் இன்னொரு கோடியில் ஒரு பெரிய உதிரிபாகக் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, அவர் வேனிலேயே போய் இறங்கினாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை நிற்கிற வேலை. அதில் சேர்ந்தால் வெப்சைட்டை யார் பார்ப்பது? மூடவேண்டியதுதான் என்று வழியெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

அந்த முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயதைக் கேட்டார், முழங்காலைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஒரு ரப்பர் துண்டை எடுத்து மேஜையில் போட்டு இது என்ன என்றார். அவள் அழுத்திப் பார்த்துச் சொன்னாள். அவர் திரும்பி, பின்னால் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் விரலை வைத்துத் தேடி, சரிதான், இதிலும் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

ரப்பரக்கா அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அவளுடைய பட்டியல். அவள் சமையலறைத் தரை, அவள் ஸ்கேல், அவள் வெட்டிய துண்டுகள். எப்போதோ அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. கண் தானாகக் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது.

“ஐயா, அதுல பதினாலாவது வரி தப்பு,” என்றாள்.

“ஏம்மா, மூணு மாசமா இதை வெச்சுத்தான் யாவாரம் பண்றோம். எழுதினவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு?”

“எழுதினது நான்தாங்க. தப்பா எழுதினதும் நான்தான். இப்ப திருத்திட்டேன், நீங்க ஒட்டியிருக்கிறது பழசு.”

முதலாளி அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அந்த மாடலுக்குக் கொடுத்த ரப்பர் நாலு திரும்பி வந்ததாம், சப்ளைக்காரனோடு சண்டையே போட்டிருக்கிறார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். அவள் அந்த வரியை அடித்து, சரியான அளவை எழுதினாள்.

நாளையிலிருந்து வந்துவிடுங்கள், உட்கார நாற்காலி போடுகிறேன், அந்த வெப்சைட்டின் உச்சியில் நம் கடைப் பெயரைப் போட்டுவிடுங்கள் என்றார். மனுஷன் யாவாரி.

“காலையில மட்டும் வர்றேன். மத்தியானத்துக்கு மேல என் வேலை இருக்கு,” என்றாள். “உங்க ரப்பரையும் அளந்து பாக்கிறேன். பொருந்தினா பொருந்துதுன்னு போடுவேன். பொருந்தலைன்னா அதையும் போடுவேன்.”

வேலை கேட்டு வந்தவள் போடுகிற கண்டிஷனா இது என்று அவர் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு, அரைநாள் சம்பளத்தை அவரே சொன்னார். சுமாரான சம்பளம்தான். வெப்சைட்டில் வருவதையும் சேர்த்தால் வீடு ஓடும்.

வெளியே புருஷன் வேனில் காத்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். வெப்சைட்டை மூடுகிறாயா என்று மட்டும் கேட்டார். மூடவில்லை என்றாள். அவர் சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தார்.