சம்பந்தி கண்ணில் படாத கால்

ஜோதியம்மாளை ஊருக்கு இடுப்புக்கு மேலேதான் தெரியும். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, கிரிவலம் போகிறவர்கள் கற்பூரமும் நெய்விளக்கும் வாங்குகிற தகரக் கொட்டகை அவளுடையது. விடியுமுன் வந்து உட்காருவாள், இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பாள். முன்னால் ஒரு பலகை, பலகையிலிருந்து தரைவரை ஒரு கோணித்திரை. வெள்ளைக்காரர்கள்கூட அவள் சிரிப்பைப் பார்த்துவிட்டு ஒரு விளக்கு வாங்க வந்து ரெண்டாக வாங்கிப் போவார்கள். கோணிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது என்பது அவள் நினைப்பு. தெருவுக்கே தெரியும். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இடது கால். மகள் எழிலரசி பிறந்த மறுவருஷம் குளிர்க்காய்ச்சல் வந்து, தொடை இடுக்கில் நெறி கட்டியது. காய்ச்சல் போயிற்று, வீக்கம் போகவில்லை. அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தாலே அந்தக் காய்ச்சலும் வந்துவிடும். வந்து போகும்போதெல்லாம் காலைக் கொஞ்சம் பருக்க வைத்துவிட்டுப் போகும். எண்பத்தொன்பதில் கொலுசைக் கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் போட்டாள். அப்புறம் மெட்டி சதைக்குள் புதைந்துகொண்டது. ஆசாரியை வீட்டுக்கே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெட்டி எடுத்தார்கள். கட்டினவன் உயிரோடு இருக்கும்போது மெட்டியை வெட்டுவதா என்று அன்றைக்கு அவள் அழுத அழுகை சாமானியமில்லை.

யானைக்கால் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் தருமன், "இன்னைக்கு எப்டிக்கீது?" என்று மட்டும் கேட்பான். எது எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டான். அவள் புடவையைத் தரையில் புரளும்படி இழுத்துக் கட்டினாள். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எதற்கும் போகவில்லை. போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தேனோ, இந்த ஜென்மத்தில் சுமக்கிறேன் என்று அவளாகவே ஒரு கணக்கு முடித்துக்கொண்டாள்.

அந்தக் கணக்கிலும் மண் விழுந்தது. தொண்ணூற்றொன்பதில் சுகாதார நர்ஸ் வஜீதா வீடு வீடாக மாத்திரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது பாவமும் இல்ல சாபமும் இல்லம்மா. புழு. கொசு கடிக்கும்போது உடம்புல பூந்துடுது. நூல் மாதிரி இருக்கும். நெறியில போய்க் குடியிருந்துக்கிட்டு நீரை எறங்கவிடாம அடைச்சுடும். நல்லா இருக்கறவங்களும் வருஷத்துக்கு ஒருக்கா போட்டுக்கணும்."

புழுவா! சாபத்தையாவது அண்ணாமலையார் கொடுத்தார் என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். உயிரோடு இருக்கிற உடம்பில் புழு நெளிகிறது என்றால் அதை எந்த முகத்தோடு கேட்டுக்கொள்வது? ஜோதியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சம் கோபமாகத் திரும்பியது.

"கன்னுக்குட்டிக்குப் பூச்சி மருந்து ஊத்தற மாதிரி எனக்கு ஊத்த வந்துட்டியா?"

"கன்னுக்குட்டியாவது வாயைத் தொறக்குது. நீங்க தொறக்க மாட்டேன்றீங்களே!" என்று வஜீதா சிரித்தாள்.

வாயைத் திறந்தாள், வாங்கிப் போட்டுக்கொண்டாள், நர்ஸ் வாசல் தாண்டியதும் கொல்லைப்பக்கம் போய்த் துப்பினாள். எழிலரசி அப்படியில்லை, பன்னிரண்டாவது படித்த பெண், மடக்கென்று விழுங்கினாள். சாயங்காலமே அவளுக்குத் தூக்கித் தூக்கிப் போட்டது. காய்ச்சல் கொதித்தது. மறுநாள் வஜீதா ஓடி வந்து, "பயப்படாதீங்க. உள்ள இருக்கற குட்டிப் புழு சாவும்போது இப்டித்தான் காயும். வருஷா வருஷம் போட்டுக்கட்டும், காலு வீங்காது" என்று தைரியம் சொல்லிப் போனாள்.

ஜோதியம்மாள் காதில் அத்தனையும் விழவில்லை. உள்ளே இருக்கிறது, என் மகளுக்குள்ளும் இருக்கிறது என்பது மட்டும் விழுந்தது. நம் கால் வெளியே தெரிந்தால் போச்சு, பெண்ணுக்கும் இதுதான் வரும் என்று ஒருத்தனும் கட்டமாட்டான். அன்று பிடித்த பயம். காலாகாலத்தில் இவளை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தருமனை நிற்க விடாமல் விரட்டினாள்.

கீழ்பென்னாத்தூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிற புகழேந்தி வந்தான். நல்ல பையன், குனிந்த தலை நிமிராதவன். கூட வந்த அவன் அம்மா ஆராயி, புருஷனை இழந்து தனி ஆளாகப் பிள்ளையை வளர்த்தவள். பெண் பார்க்க வந்த அன்று காபியை எடுத்துப் போனது தருமனின் தங்கை உண்ணாமலை. "சம்பந்தியம்மாவை எங்க, கண்ணுலயே காட்ட மாட்டேன்றீங்க?" என்று ஆராயி கேட்டுவிட்டாள். வேறு வழியில்லை. வெளிச்சமில்லாத உள்ளறையில், கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜோதியம்மாளை அம்மாவுக்கும் பிள்ளைக்கும் காட்டினார்கள். கால் சுளுக்கு, கூடவே காய்ச்சல் என்று உண்ணாமலை கூசாமல் சொன்னாள். ஆராயி கம்பளியை ஒரு பார்வை பார்த்தாள். "ஒடம்பைப் பாத்துக்கோங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. போனவள் சும்மா இருந்தாளா? சுளுக்கெண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள். அதை வாங்கி வைத்த நாளிலிருந்து ஜோதியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

நிச்சயத்துக்குச் சுளுக்கைக் காட்டித் தப்பித்தாயிற்று. கல்யாணத்துக்கு? முகூர்த்தத்துக்கு முன்னால் பாத பூஜை என்று ஒன்று இருக்கிறதே! பெற்றவர்களை மணையில் நிறுத்தி, தாம்பாளத்தில் கால் வைக்கச் சொல்லி, மண்டபமே பார்க்க மகள் பாலும் தண்ணீரும் ஊற்றிக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூப்போட வேண்டும். வீடியோக்காரன் வேறு விளக்கடித்துப் படம் பிடிப்பான்.

யோசித்து யோசித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். திருவண்ணாமலைக்காரிக்குத்தான் அது தோன்றும்.

"எனக்கு வேண்டுதல்னு சொல்லிடுங்க. மவ கழுத்துல தாலி ஏர்ற நேரத்துல நான் மலை சுத்திக்கினு இருக்கணும்னு வேண்டிக்கினேன்னு சொல்லுங்க. எங்களுக்குப் பதிலா உண்ணாமலையும் முருகையனும் மணையில நிக்கட்டும்."

சாமி பேரைச் சொன்னால் இந்த ஊரில் எவன் மறுப்பான்? தருமன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். உண்ணாமலையும் அவள் புருஷன் முருகையனும் சரி என்றார்கள். எழிலரசி சுவரைப் பார்த்துக்கொண்டு, "உன் இஷ்டம்மா" என்றாள். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டாள். அப்பாடா என்கிற மூச்சு அது. பெற்றவளுக்கா தெரியாது? வேண்டாம்மா, நீ வந்து நில்லு என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று ஜோதியம்மாள் காத்திருந்தாள். சொல்லவில்லை. அதையும் விழுங்கிக்கொண்டாள்.

சொன்னது பொய்தான். கல்யாணத்தன்று வீட்டிலேயே படுத்துக்கிடந்தால் யார் கண்டார்கள்? ஆனால் அண்ணாமலையார் பெயரில் பொய் சொல்லிவிட்டு, அதுவும் மகள் கல்யாணத்தில், சும்மா கிடக்க அவளுக்குத் துணிவில்லை. பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும். ஆகவே விடியற்காலையில் பழைய வாயில் புடவையைக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் மலை சுற்றக் கிளம்பினாள்.

மலைப்பாதையோரக் கோயில்களில் எமலிங்கம்வரை ஒன்றும் தெரியவில்லை. நிருதிலிங்கம் தாண்டியதும் கால் இரும்பாகக் கனத்தது. எங்கிருந்தோ நாதஸ்வரம் கேட்டது, நம் மண்டபமாக இருக்குமோ என்று நின்றாள். அது வேறு எவர் வீட்டுக் கல்யாணமோ. புடவை வேர்வை ஈரத்தில் காலைச் சுற்றிக்கொண்டு தடுக்கியது. ஆள் பார்த்தால் பார்க்கட்டும் என்று முழங்கால்வரை தூக்கிச் செருகினாள். இருபது வருஷமாக மூடி வைத்த காலை வெயில் பார்த்தது. எதிரே வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு குழந்தை வாயைப் பிளந்து நின்றது. அடி அண்ணாமலை ஊர் வருவதற்குள் விரலிடுக்கு வெடித்துத் தண்ணீர் கசிந்தது. இனி ஓர் அடி வைக்க முடியாது என்றானதும் மரத்தடியில் சாமியார்களும் பிச்சைக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நடுப்பகலில் வாழைமரம் கட்டின வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கினவர்களைப் பார்த்ததும் ஜோதியம்மாள் முந்தானையை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். மாலையும் கழுத்துமாகப் புகழேந்தி. பக்கத்தில் எழிலரசி. பின்னால் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கூடையில் சோற்றுப் பொட்டலங்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் வரிசையைப் பார்த்துக் கத்தினான்:

"எல்லாரும் உக்காருங்க, கல்யாணச் சாப்பாடு! பொண்ணோட அம்மா வேண்டுதலுக்காக மலை சுத்திட்டு இன்னேரம் வீட்டுக்கே போயிருப்பாங்க. அந்த வேண்டுதலைக் கேட்டதும் மாப்பிள்ளையோட அம்மா, நாமளும் மலை சுத்தற பாதையில நாலு பேருக்குச் சோறு போடணும்னு சொல்லிட்டாங்க."

எழுந்து ஓடக் கால் வேண்டாமா? புடவையை இறக்கிவிடப் பார்த்தாள், செருகின இடம் ஈரத்தில் இறுகி அவிழவில்லை. இருவரும் பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்து அவள் முன்னால் நின்றார்கள். எழிலரசி பார்த்துவிட்டாள். கையில் பொட்டலம் அப்படியே நின்றது.

புகழேந்திக்கு அடையாளம் தெரியவில்லை. இருட்டறையில் கம்பளிக்கு மேலே ஒருமுறை பார்த்த முகம், இப்போது வெயிலில் கறுத்து, முந்தானைக்குள் குனிந்திருந்தது. அவன் பார்த்தது காலைத்தான். மாலை தரையில் படக் குந்தி உட்கார்ந்தான்.

"எங்கப்பாவுக்கும் இப்டித்தாம்மா இருந்துச்சு. சாவற வரைக்கும் எங்கம்மாதான் தெனம் சோப்புப் போட்டுக் கழுவி, எடுக்குல ஈரம் இல்லாம தொடைச்சு உடுவாங்க. புண்ணு வராமப் பாத்துக்கினா காய்ச்சல் ஜாஸ்தி வராது. இந்தக் காலோட ஏம்மா இவ்ளோ தூரம் நடந்து வந்தே?"

ஆராயிக்கு இது தெரிந்த கால். எவளுக்குப் பயந்து ஜோதியம்மாள் இத்தனையும் செய்தாளோ, அவள் தினம் கழுவித் துடைத்த கால். ஐயோ, அன்றைக்கே கம்பளியை விலக்கியிருந்தால் ஆகாதா? தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லட்டும், அம்மா என்ற ஒரு சொல் போதும், மாப்பிள்ளையே தூக்கி வேனில் ஏற்றிவிடுவான். எழிலரசி பின்னால் நின்ற சிநேகிதர்களைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"புள்ளைங்க யாரும் பாத்துக்க மாட்டேன்றாங்களா?" என்று புகழேந்தி கேட்டான்.

"எனக்குப் புள்ளைங்களே இல்லீங்க, சாமி."

அவன் எழுந்து, "இந்தம்மாவுக்கு ரெண்டா குடு, எழிலு" என்றான். எழிலரசி குனிந்து இரண்டு பொட்டலங்களை அம்மாவின் மடியில் வைத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமியாரிடம் நகர்ந்தாள்.