முதல் அங்குலம் ஒடிந்த டேப்

1991இல் பென்னலூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலையில் நான் மேற்பார்வையாளன். அங்கே குளிர்காற்று போகும் ஏசி டக்ட் மாட்ட வந்தவர் அவர். முறுக்கு மீசை, காதில் பென்சில். அவருடைய அளவு டேப்பில் முதல் அங்குலம் ஒடிந்திருந்தது. ஒன்றிலிருந்து அளந்து, அந்த ஒன்றைக் கணக்கில் கழித்துக்கொள்வார்.

மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயின் மறுமுனையை அவர் மச்சான் பிடிப்பான்; அந்த மட்டத்திலிருந்து இவர் டேப்பால் மேலே அளப்பார். டக்ட் சாய்ந்தால், "ஒயுங்கா புட்ச்சா இன்னாடா?" என்று அவனுக்குத்தான் திட்டு விழும்.

ஒருநாள், அப்போது அபூர்வமான லேசர் லெவல் வாடகைக்கு வந்தது. நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் சிவப்புக் கோடு ஓடியது. மறுமுனை பிடிக்க ஆளே வேண்டாம். கோட்டிலிருந்து மேலே அளந்து, இரண்டு நாள் வேலையை மதியத்துக்குள் தனியாகவே முடித்தார்.

கீழிருந்து பார்த்தேன். ஒரு முனை ஓர் அங்குலம் இறங்கியிருந்தது.

"மெஷின்ல கோளாறா?" என்றேன்.

டேப்பைத் திருப்பிப் பார்த்தார். "கோடு கரீக்டாத்தான் கீது சார். நான்தான் அந்த முனைல ஒண்ணக் கயிக்க மறந்துட்டேன்." பிறகு, அன்று வேலையில்லாமல் நின்ற மச்சானிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்போ அன்னிக்கெல்லாங்கூட நான்தானாடா?"

"எனக்கு அப்பவே தெரியும் மாமா. சொன்னா நம்பியிருப்பியா?"

அவர் டேப்பை அவன் கையில் கொடுத்தார். "இனிமே நீ அள."

அந்த மனசு எனக்குப் பிடித்திருந்தது. புது டேப் ஏன் வாங்கவில்லை என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.